மேடைக்கும் பெட்டிக்கும் நடுவே

பிரிக்ஃபீல்ட்ஸ்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் நடைபாதைகளில் மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நீளக் கோடு போட்ட கல் என்றால் நேரே போகலாம். உருண்டைப் புள்ளி வைத்த கல் வந்தால் நின்று கவனிக்க வேண்டும். கண் தெரியாதவர்கள் பாதத்தாலும் கோலாலும் தடவிப் போவதற்கான பாதை அது. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இந்தப் பேட்டையில்தான் இருக்கிறது. பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் இங்கேயே வேலை தேடி, வீடு பிடித்து, கல்யாணமும் செய்துகொண்டு தங்கிவிட்டதால் தெருவுக்குத் தெரு வெள்ளைக் கோல்கள் தட்டிக்கொண்டு போகின்றன.

எனக்குக் கண் நன்றாகத் தெரியும். கால்தான் கோளாறு. சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இரும்பும் தோலும் சேர்ந்த காலிபர் ஒன்று, முழங்கைக் கோல் ஒன்று, இவற்றோடு நடக்கிறேன். இந்த மஞ்சள் கற்களின் மேல் கோலை ஊன்றினால் எனக்கு நழுவும். அதனால் மஞ்சளை அவர்களுக்கு விட்டுவிட்டு ஓரமாகப் போகப் பழகினேன். அந்த ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் எந்தப் பாதையும் தடையில்லை, மஞ்சள் மேலும் நிற்கும்.

நாகப்பட்டினத்தில் பெட்டி கட்டும்போதே மனத்தில் இருந்தது வடக்கே போகும் ரயில். கோலாலம்பூரில் ஏறி, ஈப்போ, தைப்பிங் வழியாகப் பட்டர்வொர்த் வரை 300 கிலோமீட்டருக்கு மேல், துணையில்லாமல். "தனியாவா?" என்று வீட்டில் தொடங்கிய கேள்வி மூன்றாம் தெரு வரை பரவியது. அந்தக் கிலோமீட்டர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவற்றை உட்கார்ந்தபடி கடந்துவிடலாம். தெருவிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து பெட்டிக்கும், பெட்டிக்குள் கழிவறைக்கும் உள்ள தூரம்தான் என் பயணம். அதைப் பழகிக்கொள்ளக் கிள்ளான் பள்ளத்தாக்கின் உள்ளூர் ரயில்களில் முதலில் சுற்றுவது என்று முடிவு செய்து, கே.எல். சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கினேன்.

1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து மரமும் ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்தன. இனி செங்கல்லில்தான் கட்ட வேண்டும் என்றது ஆங்கில நிர்வாகம். சூளைகள் போட்ட இடம் இது, பெயரும் அதிலிருந்துதான் வந்தது. பிறகு ரயில்வே வந்தது. தண்டவாளம் போடத் தமிழகத்திலிருந்து கூலிகளும், கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தாக்களும் வந்தார்கள். ரயில்வே குடியிருப்புகள் வரிசையாக எழுந்தன, கோயில்களும் பள்ளிகளும் சேர்ந்தன. ஜாலான் ஸ்காட் கந்தசுவாமி கோயில் யாழ்ப்பாணத்தார் கட்டியது. இன்று 'லிட்டில் இந்தியா' என்று வளைவு வைத்து, விளக்குக் கம்பத்துக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். பூக்கடை, புடவைக்கடை, பாட்டுக்கடை எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கடையின் முன்னாலும் உள்ள அஞ்சடி நடைபாதை ஒவ்வோர் உயரம். ஒரு கடை வாசலிலிருந்து அடுத்த கடை வாசலுக்குப் போக ஒரு படி ஏறி, இரண்டு படி இறங்கி, நடுவே மூடியில்லாத லோங்காங் என்னும் சாக்கடையைத் தாண்ட வேண்டும். தாண்ட முடியாதவர் தார்ச்சாலையில் இறங்கி, இங்கே காடி என்று சொல்லும் கார்களோடு காராகப் போக வேண்டியதுதான்.

தோள்பட்டை வலிக்காகத்தான் அந்த மாலிஷ் நிலையத்துக்குப் போனேன். கோலில் நடப்பவருக்குக் காலைவிடத் தோள்தான் முதலில் தேயும். பிடித்துவிட்டவர் கண் தெரியாத தம்பி. கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். கட்டை விரலை என் தோளில் வைத்ததுமே, "கோலு வலக்கையில பிடிக்கிறீங்க, சரியாக்கா?" என்றார். வடக்கே போகும் திட்டத்தைச் சொன்னேன். அவர் 'தனியாவா' என்று கேட்கவில்லை.

"யாருகிட்ட விசாரிச்சீங்க?" என்றார்.

நிலையத்தில் கேட்டேன், லிஃப்ட் இருக்கிறது என்றார்கள் என்றேன். சிரித்தார்.

"இருக்கான்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க. இன்னிக்கு ஓடுதான்னு கேக்கணும். அப்புறம், போற வழிய மட்டும் கேக்காதீங்க லா. போறப்போ இறங்கின படிய வர்றப்போ ஏறணும்ல?"

புது இடம் ஒன்றுக்குப் போவதற்கு முன் அவர் செய்யும் ஏற்பாட்டைக் கேட்டு அசந்துபோனேன். ஏற்கெனவே போய்வந்த சிநேகிதரிடம் ஃபோனில் கேட்டு, எஸ்கலேட்டர் இரைச்சல் எந்தப் பக்கம், டிக்கெட் கதவின் டிங் எந்தப் பக்கம், ரொட்டிக்கடை வாசனை எங்கே வரும், தரை எங்கே சரியத் தொடங்கும் என்று மனத்தில் அடுக்கிக்கொள்கிறார். வீட்டை விட்டு வெளியே வரும்போது பயணத்தை ஒரு தடவை முடித்திருப்பார். நாற்பது வருடமாக ரயிலேறும் நான் ஊரில் அப்படித் திட்டம் போட்டதே இல்லை. நம் ஊரில் திட்டம் தேவையில்லை, ஆட்கள் இருக்கிறார்கள்.

வெளியே வந்து ஜாலான் தம்பிப்பிள்ளை முனையில் பீசாங் கோரெங் வாங்கினேன். வாழைப்பழ பஜ்ஜிதான், ஆனால் மேல்மாவு அப்பளத்தைக் காட்டிலும் மொறுமொறுப்பு. வரிசை நீளமாக இருந்தது. யாரும் என்னை முன்னால் போகச் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

கே.எல். சென்ட்ரல்

2001-இல் திறந்த நிலையம். பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில் எழுந்தது. கொமுட்டர் என்னும் உள்ளூர் ரயில், தொலைதூர ரயில், இலகு ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மோனோரயிலுக்கு மட்டும் பேரங்காடி ஒன்றைக் குறுக்கே கடந்து போக வேண்டும். அந்தக் கடையை வடிவமைத்தவர் ஒருநாளாவது கோல் ஊன்றி நடந்து பார்த்திருந்தால் வழி இன்னும் நேராக இருந்திருக்கும்.

கொமுட்டர் மேடையில் இறங்கி, பெட்டிக் கதவு திறந்தபோது நான் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். மேடையும் பெட்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். நடுவே ஓர் இடைவெளி, அவ்வளவுதான். கோலை உள்ளே ஊன்றி, நல்ல காலை எடுத்து வைத்து, காலிபர் காலை இழுத்துக்கொண்டால் வேலை முடிந்தது. நம் ஊரில் உயர்மேடை என்று நாம் சொல்வதே பெட்டித் தளத்தைவிடத் தாழ்ந்தது. கதவுக்குள் செங்குத்தாகப் படி இருக்கும், இரண்டு பக்கமும் கம்பி இருக்கும், பின்னால் நூறு பேர் இருப்பார்கள்.

அந்த நூறு பேரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டு ரயில்களில் நான் ஏறியது பெரும்பாலும் கைகளால்தான். போர்ட்டர், டீ விற்பவர், கல்லூரிப் பையன், பட்டாளத்துக்காரர் என்று யாராவது அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். கேட்பதில்லை. தூக்கி உட்கார வைத்ததும், "ஏம்மா, இந்தக் காலை வெச்சிக்கிட்டுத் தொணைக்கு ஆளில்லாம வரலாமா?" என்பார்கள். தூக்கிவிடும் கைக்குத் திட்டும் உரிமையும் தானாகவே வந்துவிடுகிறது. நன்றி சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியிருந்ததில்லை.

இந்தச் சமதளம் இங்கேயும் சும்மா வந்துவிடவில்லை. 1996-இல் ஓடத் தொடங்கிய முதல் இலகு ரயில் பாதையில் சக்கர நாற்காலிக்கு வழி வைக்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 1998-இல் தொடங்கிய இரண்டாவது பாதையில்தான் மின்தூக்கிகள் வந்தன. 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. மீறினால் என்ன தண்டனை என்று அதில் இல்லை என்பது இங்குள்ளவர்களின் நெடுநாள் மனக்குறை. சென்னையிலும் தாழ்தளப் பேருந்துகள் நீதிமன்றப் படியேறிய பிறகே 2024-இல் தெருவுக்கு வந்தன.

மின்தூக்கியை நம்பிப் போகிறவர் அது நின்றுபோனால் என்ன ஆவார்? வழியில் ஒரு நிலையம், பெயர் வேண்டாம். இறங்கினேன், மின்தூக்கியில் காகிதம் ஒட்டியிருந்தது. ரயில் போய்விட்டது, மேடையில் ஆளே இல்லை. சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினால் மலாயில் ஒரு குரல் ஏதோ சொல்லிவிட்டு அடங்கியது. நம் ஊராக இருந்தால் இதற்குள் ஐந்து பேர் கூடியிருப்பார்கள், அதில் ஒருவர் என் வயதையும் கணவரையும் விசாரித்து முடித்திருப்பார். வெகுநேரம் கழித்துத் துடைப்பத்தோடு வந்த வங்கதேசத்துப் பையன் ஒருவன், பணியாளர்கள் போகும் சாய்தளம் ஒன்றைக் காட்டினான். கையை நீட்டி, பிடிக்கலாமா என்று சைகையில் கேட்டான். வேண்டாம் என்றதும் கையை மடக்கிக்கொண்டு, எனக்கு ஓரடி பின்னால், என் வேகத்துக்கே நடந்துவந்தான்.

பத்துமலை

பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் 1910-ஆம் வருடத்துப் பழைய நிலையத்துக்குள் புகுந்து போகிறது. ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த கும்மட்டங்களும் வளைவுகளும் இன்னும் நிற்கின்றன. இப்போது ரயில்கள் சற்று நின்று போகும் இடம். பிறகு செந்தூல். ரயில்வே பட்டறை இருந்த ஊர், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சுத்தியல் பிடித்த இடம். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே மலை. தம்புசாமிப் பிள்ளை என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் முருகனுக்கு இடம் பார்த்த குகை, 272 படிகளுக்கு மேலே. 42.7 மீட்டர் உயரத்துக்குத் தங்க நிறத்தில் முருகன், படிகளுக்குப் பக்கத்தில். 2018-இல் படிகளுக்கு வர்ணம் பூசியபின் உலகமே வந்து படமெடுக்கிறது.

நான் மேலே போகவில்லை. போகும் எண்ணமும் இருக்கவில்லை. அடிவாரத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து, படியேறுகிறவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால்களைப் பார்ப்பது எனக்குப் பழைய பொழுதுபோக்கு. செருப்பில்லாமல் ஏறும் பாட்டிமார் மூச்சை எண்ணி ஏறுகிறார்கள். ஐரோப்பியப் பையன்கள் முதல் நூறு படியை ஓடி, அடுத்த நூறில் குரங்கைப் பார்ப்பதாகப் பாவனை செய்து நிற்கிறார்கள்.

பூச்சோங்கிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒரு தங்கச்சி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கோலைப் பார்த்தாள், மலையைப் பார்த்தாள், முகம் வாடிவிட்டது. "அக்கா, எங்க வீட்டுக்காரரும் தம்பிங்களும் இருக்காங்க. நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போயிடலாம்கா. இவ்ளோ தூரம் வந்துட்டு முருகனப் பாக்காம போறதா?" என்றாள். கண்ணில் தண்ணீர் வராத குறை. பார்த்தாயிற்றே, இதோ 42 மீட்டருக்கு நிற்கிறாரே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பழனியில் நான் மலையேறியிருக்கிறேன், யார் முதுகிலும் இல்லாமல். 1966-இலிருந்து அங்கே இழுவை ரயில் ஓடுகிறது, 2004-இல் ரோப் காரும் வந்துவிட்டது. வரிசையில் நின்று டிக்கெட் வாங்கி மேலே போய் முருகனிடம் என் வழக்கைச் சொல்லிவிட்டு இறங்குவேன். பத்துமலையிலிருந்து கிளம்பும் நேரத்தில் அந்தத் தங்கச்சி தன் பையில் இருந்த முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். வாயில் போட்டால் கரைந்தது, நல்ல வெண்ணெய் முறுக்கு.

கிள்ளான்

கிள்ளான் பாதை பழையது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை ரயில் 1886-இல் வந்துவிட்டது. ஆற்றைத் தாண்டி ஊருக்குள் வர மேலும் நான்கு ஆண்டு ஆயிற்று. இன்று கொமுட்டரில் சாய்ந்து உட்கார்ந்தால் பந்தாய் டாலாம், பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் என்று வரிசையாக ஓடும். அடுக்குமாடிகள், தொழிற்சாலைகள், நடுநடுவே மிஞ்சிய செம்பனைத் தோப்பு. ஒரு காலத்தில் இதெல்லாம் பால்மரக் காடு. தோட்டம் விற்கப்பட்டபோது வீடும் கோயிலும் சேர்ந்து போனதைப் பற்றி, பேச்சுக் கொடுத்த எல்லாரும் ஒரு வாக்கியமாவது சொன்னார்கள்.

பெட்டிக்குள் பெண்களுக்கென்று தனி இடம். அதில் பர்தாவும் புடவையும் குட்டைப் பாவாடையும் அடுத்தடுத்து உட்கார்ந்து அவரவர் கைபேசியைப் பார்த்தன. மாற்றுத்திறனாளிகளுக்கான இருக்கையில் இருந்த மலாய்ப் பெண் என்னைக் கண்டதும் எழுந்தாள். எழுந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் போய் நின்றுகொண்டாள். ஒரு வார்த்தை இல்லை. முதலில் கோபமோ என்று நினைத்தேன். பிறகுதான் அது நாகரிகம் என்று பிடிபட்டது.

கிள்ளான் நிலையத்தை விட்டு வந்தால் ஜாலான் தெங்கு கிளானா பக்கத்தில்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் அரசாங்கம் வைத்த வளைவும் சாயமும் உண்டு. கிள்ளானுக்கு அது தேவைப்படவில்லை. நகைக்கடை வாசலில் மல்லிகைச் சரம், சரத்துக்கு மேலே சாமி படம், படத்துக்குப் பக்கத்தில் சட்டினித் தூக்கு. தீபாவளி நெருங்கினால் தெரு தெருவாக இருக்காது என்றார்கள். அஞ்சடி இங்கேயும் மேடு பள்ளம்தான். ஆனால் ஒரு மளிகைக்கடைக்காரர் தன் வாசலுக்கும் அடுத்த வாசலுக்கும் நடுவே பலகையொன்றைச் சரிவாகப் போட்டு வைத்திருந்தார். அரிசி மூட்டை வண்டிக்காகப் போட்டது. அரிசி மூட்டை போகும் வழியில் நானும் போனேன். உலகமெங்கும் எனக்கு வழி காட்டுவது சரக்குதான். மூட்டையைத் தூக்க மனிதர்களுக்குச் சோம்பல் வரும்போது சாய்தளம் பிறக்கிறது.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. மூன்று கறி, அப்பளம், மிளகுத் தண்ணி, ஊறுகாய், எல்லாம் நம்முடையதுதான். ஆனால் கறி மசாலாவில் ஏதோ ஒரு மலாய்க் கை கலந்து, தேங்காய்ப்பாலும் செரை என்னும் எலுமிச்சைப்புல்லும் மெல்ல எட்டிப் பார்த்தன. இரண்டாவது முறை கேட்காமலே சோறு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர், எண்பதைத் தாண்டியவர், "பசியாறிட்டுத்தான் கெளம்புனியாம்மா? மெதுவா சாப்பிடு" என்றார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஊர் எது என்று கேட்டு, நாகப்பட்டினம் என்றதும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய அப்பா அங்கேதான் கப்பலேறியவர்.

கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா பால் வெட்டினார். ஒரு மிதிவண்டி வாங்கியிருந்தார். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரையோ கணக்கெழுதும் கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும். "மேட்டுல மிதிச்சுக்கிட்டு வர்றப்போ எதுக்க வருவான். எறங்கித்தான் ஆகணும். எறங்கினா மறுபடி ஏறி மிதிக்க முடியாது, மேடு. வீடு வரைக்கும் தள்ளிக்கிட்டு வருவாரு."

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி இருந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி இருந்தது, மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதனை மே மாதம் கைது செய்தார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள், நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் இதைப் படித்தபோது கூலிக் கோரிக்கைதான் என் கண்ணில் பெரிதாகப் பட்டது. பெரியவர் தன் அப்பாவின் மேட்டைச் சொன்ன பிறகு மற்றது பெரிதாகிவிட்டது. நகர்ந்து போகிறவனை நிறுத்தி இறங்க வைக்க ஒருவனுக்கு அதிகாரம் இருந்தால் அவனுக்கு மற்ற எல்லாமும் இருக்கும்.

"தனியாவாம்மா சுத்துறே?" என்று அவரும் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார். வேறெதுவும் சொல்லாமல், கோத்தா பாலத்தைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். இரண்டடுக்குப் பாலம், மேலே ஒரு காலத்தில் வண்டிகள் ஓடின, கீழே நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும். நான் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. வெயில், தோள் வலி.

கிள்ளான் துறைமுகம்

கொமுட்டரின் கடைசி நிறுத்தம் துறைமுகம். தெலுக் பூலாய், தெலுக் காடோங் எல்லாம் தாண்டினால் உப்புக் காற்று. 1901-இல் திறந்தபோது சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்று பெயர், 1972-இல் மாறியது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா கூலிகளை வாரிக்கொண்டு போக, மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பை வடித்துக் கொசுவை ஒழித்த பிறகே துறைமுகம் பிழைத்தது. பிறகு பல பத்தாண்டுகள் ரஜூலா கப்பல் சென்னையிலும் நாகையிலும் ஆள் ஏற்றி, பினாங்கில் கொஞ்சம், இங்கே கொஞ்சம், சிங்கப்பூரில் கொஞ்சம் இறக்கியது. எங்கள் தெருவில் 'ரஜூலா வீடு' என்றே ஒரு வீடு உண்டு. மலாயாப் பணத்தில் கட்டிய மாடி. அந்தக் கப்பல்களில் நொண்டிகள் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மருத்துவர் உடம்பைத் தட்டிப் பார்த்து, உழைக்கத் தேறுகிறவர்களைத்தானே ஏற்றினார்கள். நூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் என்னைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

கேத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறையில் போய் நின்றேன். கட்டைக்கால்களின் மேல் வீடுகள் நிற்கும் மீனவர் தீவு, காடிகளே கிடையாது, மிதிவண்டிதான். எனக்கு ஏற்ற ஊர். ஆனால் படகு தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, துறை அசையாமல் நிற்கிறது. இரண்டும் ஒரே மட்டத்துக்கு வரும் நொடியில் காலை வைக்க வேண்டும். என் காலுக்கு ஒரு நொடி போதாது. சீனப் பாட்டி ஒருத்தி கோழிக்கூடையோடு தாவி ஏறினாள். நான் ஐஸ் கச்சாங் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வருத்தம் ஒன்றுமில்லை. எது வேண்டாம் என்று முடிவு செய்வதும் திட்டத்தில் பாதி. அதை மற்றவர்கள் எனக்காக முடிவு செய்தால்தான் கோபம் வரும்.

வடக்கே

ஏறும் நாளன்று மின்தூக்கி ஓடுகிறதா என்று முதல் நாள் சாயங்காலமே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடியது. மறுநாளும் ஓடியது. இ.டி.எஸ். என்னும் அந்த மின்ரயில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை போகிறது, அதுவும் மீட்டர் பாதையில். எங்கள் ஊர்ப் பக்கம் 1861-இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் நடுவே அகலப்பாதை போட்டார்கள். பின்னால் மீட்டராகக் குறுக்கினார்கள். அப்புறம் மீட்டர் பழசு, மெதுவானது என்று பெயர்த்து மறுபடி அகலமாக்கினார்கள். அந்தச் சிறுத்த பாதையில் இவர்கள் பறப்பதைப் பார்த்ததும் தண்டவாளத்தின் மேல் நாம் போட்ட பழி நினைவுக்கு வந்தது.

சுங்கை பூலோ தாண்டியதும் நகரம் விட்டது. தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர். ஒரு மணி நேரம் செம்பனை, செம்பனை, செம்பனை. பக்கத்து இருக்கையில் சுங்கை சிப்புட்டுக்குப் போகும் தமிழ் நர்ஸ். கோலாலம்பூரில் வேலை, அம்மாவைப் பார்க்கப் போகிறாள். நான் எழுந்து கழிவறைக்குப் போனபோது, "அக்கா, பிடிக்கணுமா, வெறுமன கூட வரணுமா?" என்று கேட்டாள். நாற்பது வருட ரயில் வாழ்க்கையில் இரண்டு விதமாகக் கேட்டவர் இவள் ஒருத்திதான். கூட வா என்றேன். வண்டி ஆடிய ஒரு தருணம் தவிர அவள் என்னைத் தொடவில்லை. ஆடியபோது நான்தான் அவள் தோளைப் பிடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்ததும் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். நெத்திலி வறுவலும் சம்பாலும். காரம் உச்சி வரை ஏறியது.

ஈப்போவில் சுண்ணாம்புக் குன்றுகள் தண்டவாளத்துக்கு வந்து எட்டிப் பார்க்கின்றன. தைப்பிங்கில் நான் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டேன். இந்த நாட்டின் முதல் ரயில் 1885-இல் ஓடியது இங்கேதான், தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு கடற்கரைக்கு, ஈயம் ஏற்ற. இதே மேற்குக் கரைப் பாதை 1918-இல் சயாமோடு சேர்ந்தது. 1942-லும் 43-லும் ஜப்பானியர் தோட்டத் தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துச் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோனது இந்தத் தண்டவாளத்தின் வழியாகத்தான். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. நர்ஸுடைய அம்மாவின் பெரியப்பாவும் போனவர்களில் ஒருவர் என்று அவள் சொல்லியிருந்தாள். பெயர் மட்டும் தெரியும், படம் கிடையாது.

தைப்பிங்கைத் தாண்டி வண்டி ஏரியின் மேலேயே போனது. புக்கிட் மேரா ஏரி. இருபுறமும் தண்ணீர், தண்ணீரில் அல்லி, நடுவே பாலம். 1906-இல் முடிந்த பாசனத் திட்டத்தின் நீர்த்தேக்கம் அது, கீழே கிரியான் சமவெளிக்குப் பாய்கிறது. பாரித் புந்தார் நெருங்கியபோது நெல் வந்துவிட்டது. வரப்பு, வாய்க்கால், மதகு, கொக்கு. இத்தனை நாள் செம்பனையும் பால்மரமும் பார்த்த கண்ணுக்கு அது திருவாரூர் தாண்டிய காட்சி. காவிரி வராத வருடங்களைப் பார்த்தவளுக்கு அந்த வாய்க்கால் முழுக்க ஓடிய தண்ணீரைப் பார்க்கப் பொறாமையாகவும் இருந்தது.

நர்ஸ் சுங்கை சிப்புட்டிலேயே இறங்கியிருந்தாள். அம்மாவின் வீட்டு வாசலில் எத்தனை படி, எந்தப் பக்கம் கைப்பிடி என்று சொல்லி, அடுத்த தடவை வரச் சொல்லிவிட்டுப் போனாள். மூன்று படி, கைப்பிடி இல்லை, அண்ணனிடம் சொல்லிப் போட வைக்கிறாளாம். புக்கிட் மெர்த்தாஜாமில் பாதை பிரிந்து பட்டர்வொர்த் நோக்கி மெதுவானபோது நான் கோலை எடுத்துக்கொண்டு கதவருகே போனேன். மேடையில் சீருடைக்காரர் ஒருவர், மலாய், ஐம்பது வயதிருக்கும், என் கதவைத் தேடித்தான் வந்திருந்தார். இடைவெளியைக் காலால் சுட்டினார். நான் இறங்கி முடிக்கும் வரை கதவுக்குப் பக்கத்தில் நின்றார். எங்கிருந்து வருகிறேன், யாரோடு வருகிறேன் என்று எதுவும் கேட்கவில்லை. திரும்பும் நாள் எது, எந்தப் பெட்டி என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டு, சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். அன்று தனக்கு விடுமுறை, வேறொருவர் வருவார், அவரிடம் சொல்லி வைக்கிறேன் என்றார்.